மின்சாரக் கார் முதலா, மின்னேற்ற நிலையம் முதலா?

முதலில் ஒரு வகுத்தல் கணக்கு. 85 கோடியை 1,400-ஆல் வகுத்துப் பாருங்கள். 6 லட்சத்து 7 ஆயிரம் சொச்சம் வருகிறது அல்லவா?

இது தேர்வுக்காகக் கொடுத்த கணக்கு அல்ல. ‘பெட்டர் பிளேஸ்’ என்று ஒரு கம்பெனி இருந்தது. 2007-ஆம் ஆண்டில் தொடங்கி, இஸ்ரேல் நாட்டை முதற்களமாகக் கொண்டு இயங்கியது. முதலீட்டாளர்களிடமிருந்து அது திரட்டிய பணம் ஏறத்தாழ 85 கோடி டாலர். 2013-ஆம் ஆண்டு மே மாதம் அது நொடித்துப்போய் நீதிமன்றப் படியேறியது. அன்றைய நாளில் அதன் திட்டத்தை நம்பி இஸ்ரேலிலும் டென்மார்க்கிலும் வாங்கப்பட்டிருந்த மின்சாரக் கார்கள் ஏறத்தாழ 1,400. ஆக, ஒவ்வொரு காருக்கும் பின்னால் 6 லட்சம் டாலர் முதலீடு நின்றது!

இத்தனைக்கும் அந்தக் கம்பெனி கார் தயாரிக்கவில்லை. கார்களுக்கு மின்சாரம் ஊட்டும் நிலையங்களை அமைத்தது, அவ்வளவுதான். பெட்ரோல் பங்க் வைத்திருப்பவர் வசதியாக இருப்பதை நாம் பார்க்கிறோம். மின்சாரக் காருக்கும் அப்படி ஒரு ‘பங்க்’ வைத்தால் பணம் கொட்ட வேண்டியதுதானே? ஏன் கொட்டவில்லை? இந்தக் கேள்விக்கான விடையில் இயற்பியல் கொஞ்சம் இருக்கிறது. கூட்டல் கழித்தல் நிறைய இருக்கிறது. இரண்டையும் பார்ப்போம்.

குழாயில் ஓடும் மெகாவாட்

பெட்ரோல் பங்க்கில் காருக்குப் பெட்ரோல் போடுவதை வேடிக்கை பார்த்திருப்பீர்கள். நீண்ட ரப்பர் குழாய். நுனியில் துப்பாக்கி போன்ற ஒரு கைப்பிடி. ஒருவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்திலிருப்பவருடன் பேசிக்கொண்டே நிற்பார். அவர் கையில் எவ்வளவு பெரிய ஆற்றல் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அவருக்கே தெரியாது.

அந்தக் குழாய் முழு வேகத்தில் நிமிடத்திற்கு 35 லிட்டர் அளவுக்குப் பெட்ரோலைத் தள்ளும். ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் கிடைக்கும் ஆற்றல் ஏறத்தாழ 9 கிலோவாட் மணி. கிலோவாட் மணி என்பது வேறொன்றுமில்லை. வீட்டு மின்கட்டண அட்டையில் ‘யூனிட்’ என்று குறிக்கப்படுவதுதான். ஆகவே குழாய் வழியே நிமிடத்திற்கு 315 யூனிட் போகிறது. ஒரு மணி நேரக் கணக்கில் பார்த்தால் 18,900 யூனிட். அதாவது குழாயின் திறன் ஏறத்தாழ 19 மெகாவாட்!

இதில் ஒரு நியாயம் பார்க்க வேண்டும். பெட்ரோல் எஞ்சின் தான் பெறும் ஆற்றலில் சுமார் கால் பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. மிச்சம் வெப்பமாக வீணாகிறது. மின்மோட்டாரோ ஐந்தில் நான்கு பங்கைக் கொடுத்துவிடும். அந்தச் சலுகையைக் கழித்த பிறகும், பெட்ரோல் குழாயின் வேகத்துக்கு ஈடாக மின்சாரம் ஊட்ட 5,000 கிலோவாட்டுக்கு மேல் தேவைப்படுகிறது. வீட்டுக்கு 3 கிலோவாட் என்று வைத்தால், 1,700 வீடுகளுக்குப் போகிற மின்சாரத்தை ஒரே காருக்கு ஒரே கம்பியில் கொடுக்க வேண்டும். ஒரு சிற்றூரையே இருட்டாக்கிவிட்டு ஒரு காரை நிரப்புவது போல!

அது ஆகிற காரியமில்லை. அதனால் என்ன செய்கிறார்கள்? மெதுவாக ஊட்டுகிறார்கள். வீட்டிலுள்ள 15 ஆம்பியர் பிளக்கில் 230 வோல்ட்டில் கிடைப்பது ஏறத்தாழ 3.4 கிலோவாட். 30 யூனிட் கொள்ளும் பேட்டரியை அதில் மாட்டினால் நிரம்ப ஒன்பது, பத்து மணி நேரம் ஆகும். இரவு மாட்டிவிட்டுப் படுத்தால் காலையில் தயார். 50 கிலோவாட் எந்திரமானால் கணக்குப்படி 36 நிமிடம் போதும். ஆனால் நடைமுறையில் அதற்கு மேலும் ஆகும். ஏன் தெரியுமா?

சினிமாக் கொட்டகையை நினைத்துக்கொள்ளுங்கள். கதவு திறந்ததும் முதலில் வருகிறவர்கள் விறுவிறுவென்று போய் விருப்பமான இடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். கொட்டகை முக்கால்வாசிக்கு மேல் நிரம்பிய பிறகு வருபவர் டார்ச் விளக்கின் பின்னால் நடந்து, முழங்கால்களைத் தாண்டி, காலி நாற்காலியைத் தேட வேண்டும். அவசரப்பட்டுக் கூட்டத்தை உள்ளே தள்ளினால் நடைபாதை அடைத்துக்கொள்ளும். லித்தியம் பேட்டரியிலும் இதுதான் நடக்கிறது. லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்கிடையே போய் உட்கார வேண்டும். பேட்டரி ஏறத்தாழ நிரம்பிய நிலையில் வேகமாகத் தள்ளினால், அவை உள்ளே நுழைய முடியாமல் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். பேட்டரி கெட்டுவிடும். அதனால் 80 சதவீதம் நிரம்பியதும் எந்திரமும் காரும் ‘பேசி’ வைத்துக்கொண்டு மின்னோட்டத்தைக் குறைத்துவிடுகின்றன. கடைசி 20 சதவீதம் ஊர்ந்துதான் ஏறும்.

நிலையம் நடத்துகிறவருக்கு இது பெரிய தலைவலி. ஊர்ந்து ஏறுகிற அந்த நேரத்திலும் ஒரு கார் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கார்க்காரர் பக்கத்து ஓட்டலில் சாப்பிடப் போயிருந்தால் கேட்கவே வேண்டாம். அமெரிக்காவில் டெஸ்லா கம்பெனி, நிரம்பிய பிறகும் நகராமல் நிற்கும் கார்களுக்கு நிமிடக் கணக்கில் தண்டம் வசூலிக்கும் முறையை 2016-ஆம் ஆண்டு டிசம்பரில் கொண்டுவந்தது.

கம்பம் காலியாக நின்றால்

இப்போது நீங்களே ஒரு மின்னேற்ற நிலையத்தின் முதலாளி ஆகுங்கள். பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் எண்கள் கணக்கு சுலபமாக இருப்பதற்காக நான் வைத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர் இவை மாறும். கணக்கின் போக்கு மட்டும் எந்த ஊரிலும் மாறாது.

ஒரு 50 கிலோவாட் எந்திரம், அதற்கான மின்மாற்றி, கேபிள், சிமெண்டு வேலை எல்லாம் சேர்த்து 20 லட்சம் ரூபாய். எந்திரம் பத்தாண்டு உழைக்கும் என்றால் ஆண்டுக்கு 2 லட்சம் தேய்மானம். 20 லட்சத்துக்கு வட்டி ஆண்டுக்கு 2 லட்சம். மின்வாரியத்துக்குக் கிலோவாட்டுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் நிலைக் கட்டணம், 50 கிலோவாட்டுக்கு ஆண்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம். இட வாடகை, பழுது பார்ப்பு, காவல் இவற்றுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம். மொத்தம் 7 லட்சம். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,900 ரூபாய்.

இந்த நிலைக் கட்டணம் உங்களில் சிலருக்குப் புதிதாக இருக்கலாம். மாவு மில் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். மில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தக் கட்டணத்தைக் கட்டியே ஆக வேண்டும். ‘நான் மின்சாரமே எடுக்கவில்லையே, ஏன் கட்ட வேண்டும்?’ என்று கேட்கத் தோன்றும். ஆனால் நீங்கள் எந்த நிமிடம் சுவிட்சைப் போட்டாலும் 50 கிலோவாட் கொடுப்பதற்காக ஒரு மின்மாற்றியையும் கம்பியையும் மின்வாரியம் ஒதுக்கி வைத்திருக்கிறது அல்லவா? அந்தக் காத்திருப்புக்குத்தான் அந்தக் கூலி.

சரி, வரவுப் பக்கம் வருவோம். யூனிட் 8 ரூபாய்க்கு வாங்கி 16 ரூபாய்க்கு விற்கிறீர்கள். யூனிட்டுக்கு 8 ரூபாய் மிச்சம். ஒரு கார் 20 யூனிட் ஏற்றிக்கொண்டால் 160 ரூபாய். 1,900 ரூபாய் செலவை ஈடுகட்ட நாளொன்றுக்கு 12 கார் வர வேண்டும். 12 கார் வந்தால் எந்திரம் ஏறத்தாழ 5 மணி நேரம் வேலை செய்யும். ஒரு நாளின் 24 மணி நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. ‘அவ்வளவுதானா!’ என்று தோன்றுகிறதா?

ஆனால் தொடக்கத்தில் உங்கள் ஊரில் மின்சாரக் காரே பத்துத்தான் இருக்கிறது. அந்தப் பத்தும் தினமும் உங்களிடம் வரப்போவதில்லை. நாளைக்கு 2 கார் வருகிறது என்று வையுங்கள். 320 ரூபாய் வரவு, 1,900 ரூபாய் செலவு. ஆண்டு முடிவில் ஏறத்தாழ 5 லட்சத்து 80 ஆயிரம் நட்டம்.

விலையை ஏற்றிவிட்டால்? இரண்டே கார்களை வைத்து நட்டமில்லாமல் நடத்த யூனிட் 55 ரூபாய்க்கு மேல் விற்க வேண்டும். ஒரு யூனிட்டில் கார் 7 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 8 ரூபாய் ஆகிறது. லிட்டர் 100 ரூபாய்க்குப் பெட்ரோல் வாங்கி 15 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 6 ரூபாய் 70 காசுதான். மின்சாரக் கார் வாங்கியவர் தலையில் அடித்துக்கொள்வார். வருகிற இரண்டு காரும் வராது.

அப்படியானால் கார்கள் பெருகும் வரை நிலையம் திறக்காமல் இருந்துவிடலாமா? இருக்கலாம். ஆனால் நடுவழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று பயந்து யாரும் காரே வாங்கமாட்டார்கள். நிலையம் இல்லாததால் கார் இல்லை. கார் இல்லாததால் நிலையம் இல்லை. விதை முதலா, மரம் முதலா என்ற பழைய வழக்குத்தான்.

பெட்ரோல் காருக்கு மட்டும் இந்த வழக்கு எப்படித் தீர்ந்தது? 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மையார், கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய காரில் இரு மகன்களை ஏற்றிக்கொண்டு மன்ஹைம் நகரிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல் பயணம் போனார். வழியில் எரிபொருள் தீர்ந்தது. வீஸ்லோக் என்ற ஊரில் ஒரு மருந்துக் கடையில் நிறுத்தி, கறை நீக்குவதற்காக விற்கப்பட்டு வந்த ‘லிக்ராயின்’ என்ற பெட்ரோலிய எண்ணெயை வாங்கி ஊற்றிக்கொண்டார். உலகின் முதல் பெட்ரோல் பங்க் ஒரு மருந்துக் கடை! இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அந்த மருந்துக் கடைக்காரர் காரை நம்பிக் கடை வைக்கவில்லை. கார் வராவிட்டால் அவருக்கு ஒரு காசு நட்டமில்லை. திரவத்தைப் புட்டியில் அடைத்து அலமாரியில் வைத்துவிடலாம். அது வட்டி கேட்காது. பின்னாலும் மண்ணெண்ணெய் வணிகர்களும் மளிகைக் கடைக்காரர்களும் டின்னில் வாங்கி வைத்து விற்றார்கள். கார்கள் பெருகிய பிறகுதான் தனிப் பங்க்குகள் வந்தன.

மின்சாரக் காருக்கோ தனிப் போட்டியாளர் ஒருவர் இருக்கிறார். யார்? உங்கள் வீட்டுச் சுவர்தான்! பெட்ரோலை யாரும் வீட்டில் காய்ச்சிக்கொள்ள முடியாது. மின்சாரம் வீட்டிலேயே இருக்கிறது, வெளியில் விற்பதைவிட மலிவாகவும் கிடைக்கிறது. வீட்டில் கார் நிறுத்த இடமுள்ளவர் இரவில் தம் வீட்டிலேயே ஏற்றிக்கொள்வார். பொது நிலையத்துக்கு வருகிறவர்கள் யார்? தொலைதூரம் போகிறவர்கள், அடுக்குமாடி வீடுகளில் கீழே பிளக் இல்லாதவர்கள், வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள். தொலைதூரம் போகிறவர்களும் எல்லாரும் ஒரே நாளில்தான் போவார்கள். தீபாவளிக்கு முதல் நாள் பேருந்து நிலையம் எப்படி இருக்கும், அடுத்த வாரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நார்வே நாட்டில் ஈஸ்டர் விடுமுறைக்கு மக்கள் மலைப்பக்கம் கிளம்பும்போது மின்னேற்ற நிலையங்களில் வரிசை நிற்கிறது. அந்த ஒரு நாள் வரிசைக்காகப் பத்துக் கம்பங்கள் நட்டால், மீதி நாளெல்லாம் எட்டுக் கம்பம் சும்மா நிற்கும். நடாவிட்டால், வரிசையில் நின்றவர் ஊருக்குப் போய் ‘மின்சாரக் கார் வாங்காதே’ என்று பத்துப் பேரிடம் சொல்வார்.

ஐந்து நிமிடத்தில் புதிய பேட்டரி

இத்தனை சிக்கலையும் ஒரே வெட்டில் வெட்டிவிடலாம் என்று நினைத்தவர் ஷாய் அகாசி. இஸ்ரேலில் பிறந்தவர், ஜெர்மனியின் ‘சாப்’ என்ற பெரிய கணினி மென்பொருள் கம்பெனியில் உயர் பதவியில் இருந்தவர். 2007-இல் அந்தப் பதவியை விட்டுவிட்டுப் பெட்டர் பிளேஸைத் தொடங்கினார். இஸ்ரேலின் அன்றைய குடியரசுத் தலைவர் ஷிமோன் பெரெஸ் ஊக்கம் கொடுத்தார். பிரான்சின் ரெனோ கம்பெனி கார் செய்து தர ஒப்புக்கொண்டது.

அவருடைய யோசனை இதுதான்: பேட்டரி நிரம்பும் வரை கார் ஏன் காத்திருக்க வேண்டும்? பேட்டரியையே மாற்றிவிட்டால் என்ன? கார் ஒரு மேடைமேல் ஏறி நிற்கும். தரைக்கு அடியிலிருந்து ஓர் எந்திரக் கை வந்து, காலியான பேட்டரியைக் கழற்றி, நிரம்பிய பேட்டரியை மாட்டிவிடும். ஓட்டுநர் இறங்கக்கூட வேண்டாம். ஐந்தே நிமிடம்!

பேட்டரி கார்க்காரருக்குச் சொந்தமல்ல, கம்பெனிக்குச் சொந்தம். கார்க்காரர் தாம் ஓட்டும் கிலோமீட்டருக்கு ஏற்ப மாதச் சந்தா கட்டினால் போதும். பேட்டரிதான் மின்சாரக் காரில் விலை மிகுந்த பாகம். அதைக் காரின் விலையிலிருந்து கழற்றிவிட்டது நல்ல மூளைதான், இதில் சந்தேகமில்லை.

முற்றிலும் புதிய யோசனை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 1897-ஆம் ஆண்டிலேயே நியூயார்க் நகரில் மின்சார வாடகை வண்டிகள் ஓடின. அவை கொட்டகைக்குள் வந்து நின்றதும், கனத்த ஈய-அமில பேட்டரிப் பெட்டியை எந்திரத்தின் உதவியால் இழுத்துவிட்டு வேறொன்றை உள்ளே தள்ளினார்கள். அந்தத் தொழிலை நடத்திய கம்பெனியும் 1907-இல் நொடித்துப்போனது.

இஸ்ரேலை அகாசி தேர்ந்தெடுத்ததும் யோசித்துச் செய்ததுதான். சின்ன நாடு. அண்டை நாடுகளுக்குக் காரில் போய்வருகிற வழக்கம் மிகக் குறைவு. பெட்ரோல் விலை அதிகம். குறைந்த நிலையங்களை வைத்தே நாடு முழுவதையும் வளைத்துவிடலாம். ரெனோவின் ‘ஃபுளுவன்ஸ்’ காரில் 22 யூனிட் பேட்டரி பொருத்தப்பட்டது. இஸ்ரேலுக்கும் டென்மார்க்குக்கும் சேர்த்து 2016-க்குள் ஒரு லட்சம் கார் என்பது திட்டம்.

ஒரு லட்சம் எங்கே, 1,400 எங்கே!

எங்கே தவறியது? பேட்டரியை மாற்றும் எந்திரம் வேலை செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். அது நன்றாகவே வேலை செய்தது. காலியாக நின்ற கம்பத்துக்கு நாம் போட்ட கணக்கைத்தான் அவர்கள் பல மடங்கு பெரிதாகப் போட்டுக்கொண்டார்கள். நமது நிலையத்தில் சும்மா நின்றது ஓர் எந்திரம். அங்கே எந்திரக் கை, மேடை, தரைக்கடியில் அறை, அதில் அடுக்கிவைத்த நிரம்பிய பேட்டரிகள் எல்லாமே சும்மா நின்றன. ஒரு நிலையம் 5 லட்சம் டாலரில் முடிந்துவிடும் என்றுதான் தொடக்கத்தில் சொன்னார்கள். முடிவில் அதைப்போல் சில மடங்கு ஆனதாகப் பின்னர் செய்திகள் வந்தன. 2012-ஆம் ஆண்டு முடிவில் இஸ்ரேலில் 21 நிலையங்கள், டென்மார்க்கில் 17 நிலையங்கள் இயங்கின. 1,400 காரை 38 நிலையங்களுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 37 கார். அந்த 37-ம் பெரும்பாலான நாட்களில் வீட்டிலேயோ அலுவலகத்திலேயோ மின்னேற்றிக்கொண்டவை. எந்திரக் கைக்கு வேலை ஏது?

இன்னொரு முடிச்சும் இருந்தது. அந்த மேடைக்குப் பொருந்தும் கார் ஒரே ஒரு மாதிரிதான். பேட்டரியின் நீளம், அகலம், திருகு, இணைப்பு எல்லாம் ஒன்றாக இருந்தால்தான் எந்திரக் கை மாற்ற முடியும். மற்றக் கார் கம்பெனிகள் தங்கள் காரின் வயிற்றைப் பெட்டர் பிளேஸின் அளவுக்கு வெட்டிக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. ஏன் சம்மதிப்பார்கள்? பேட்டரியை எங்கே வைப்பது என்பதுதான் ஒரு மின்சாரக் காரின் வடிவத்தையே தீர்மானிக்கிறது. சிவப்பாகவோ சின்னதாகவோ பெரிதாகவோ வேறொரு கார் வேண்டும் என்றவருக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று.

மூன்றாவது காரணத்தைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். இஸ்ரேலில் புதுக் கார்களில் பெரும் பங்கைக் கம்பெனிகள்தாம் தங்கள் ஊழியர்களுக்காக வாங்குகின்றன. அவர்களில் பலருக்குப் பெட்ரோல் செலவையும் கம்பெனியே கொடுத்துவிடுகிறது. பெட்ரோலுக்குத் தம் பையிலிருந்து காசு போடாதவரிடம் போய், ‘எங்கள் காரில் செலவு குறைவு’ என்று சொன்னால் அவர் என்ன சொல்வார்?

2012 அக்டோபரில் அகாசி தலைமைப் பதவியிலிருந்து விலகினார். அடுத்த மே மாதம் கம்பெனி மூடப்பட்டது. முதலீட்டாளர்களாவது பணக்காரர்கள். தங்கள் சேமிப்பைப் போட்டு ஃபுளுவன்ஸ் வாங்கியவர்களை நினைத்துப் பாருங்கள். பேட்டரி மாற்றும் நிலையங்கள் பூட்டப்பட்டன. நாடு முழுவதும் ஓட்டலாம் என்று வாங்கிய கார், வீட்டு பிளக்கிலிருந்து போய்த் திரும்பும் தூரம் மட்டுமே ஓடும் காராகிவிட்டது.

அதே 2013-ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் ‘ஈக்கோடாலிட்டி’ என்ற கம்பெனியும் நொடித்தது. பேட்டரி மாற்றும் எந்திரம் எதுவும் அதனிடம் இல்லை. சாதாரண மின்னேற்றக் கம்பங்களைத்தான் ஊர் ஊராக நட்டது. அமெரிக்க அரசு அதற்கு ஒதுக்கிய உதவி 10 கோடி டாலருக்கு மேல். அதன் ‘பிளிங்க்’ கம்பங்கள் கடைசியில் 33 லட்சம் டாலருக்குக் கைமாறின.

யாருடைய பையிலிருந்து?

அப்படியானால் இன்று உலகில் இத்தனை மின்னேற்ற நிலையங்கள் எப்படி நிற்கின்றன என்று கேட்பீர்கள். அவற்றின் பின்னால் போய்ப் பார்த்தால், கம்பம் காலியாக நின்ற ஆண்டுகளுக்கு யாரோ ஒருவர் கூலி கொடுத்திருப்பது தெரியும்.

நார்வேயில் கொடுத்தது அரசு. முக்கியச் சாலைகளில் 50 கிலோமீட்டருக்கு ஒரு முறை குறைந்தது இரண்டு வேக மின்னேற்றிகளாவது இருக்க வேண்டும் என்று வைத்து, நிலையம் கட்ட மானியம் கொடுத்தார்கள். 1990-களிலிருந்தே மின்சாரக் காருக்கு வரிச் சலுகைகளும் இருந்து வந்தன. 2024-இல் அங்கே விற்ற புதுக் கார்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 89 மின்சாரக் கார்கள். இனி அங்கே கம்பம் நடுகிறவருக்கு நம்முடைய ‘இரண்டு கார்’ கவலை இல்லை.

டெஸ்லா தன் பையிலிருந்தே கொடுத்தது. 2012 செப்டம்பரில் கலிபோர்னியாவில் ஆறு நிலையங்களுடன் தொடங்கி, தன் கார் வாங்கியவர்களுக்கு முதலில் இலவசமாகவே மின்சாரம் ஊட்டியது. இலவசம் என்றால் உண்மையில் இலவசமா? காரின் விலைக்குள் அது ஒளிந்திருந்தது. நிலையம் நட்டப்பட்டாலும் கார் விற்றதில் அது ஈடாயிற்று. 2023-இல் ஃபோர்டு முதலிய போட்டிக் கம்பெனிகளே தங்கள் கார்களுக்கு அந்த நிலையங்களைப் பயன்படுத்த ஒப்பந்தம் செய்துகொண்டன.

எனக்கு மிகவும் வேடிக்கையாகப் படுவது ‘எலெக்ட்ரிஃபை அமெரிக்கா’வின் கதை. டீசல் கார்களின் புகைச் சோதனையில் மென்பொருளால் ஏமாற்றிய குற்றத்துக்காக, ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் கம்பெனி 2016-ஆம் ஆண்டு அமெரிக்க அரசுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, புகையில்லா வண்டிகளுக்காகப் பத்தாண்டுகளில் 200 கோடி டாலர் செலவிட வேண்டியதாயிற்று. அந்தப் பணத்தில் எழுந்த நிலையங்கள்தாம் அவை. டீசல் புகை போட்ட அபராதத்தில் மின்சாரக் கம்பம்!

தைவானில் ‘கோகோரோ’ என்ற கம்பெனி 2015-லிருந்து ஸ்கூட்டர்களுக்குப் பேட்டரி மாற்றித் தருகிறது. பெட்டர் பிளேஸ் செய்த அதே காரியம்தான். ஆனால் ஸ்கூட்டர் பேட்டரி சுமார் 10 கிலோதான். எந்திரக் கை வேண்டாம். நம் கையே போதும். அலமாரி போன்ற ஒரு பெட்டியில் காலியானதைச் செருகிவிட்டு நிரம்பியதை உருவிக்கொண்டு போகிறார்கள். நிலையத்தின் விலை விழுந்துவிட்டதால் ஊரெங்கும் அலமாரிகள் வந்துவிட்டன. ஆனாலும் 2024-ஆம் ஆண்டுக் கணக்கில் அந்தக் கம்பெனிக்கு நட்டம்தான்.

பிளக் சண்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வேக மின்னேற்றத்தில் நேர்திசை மின்னோட்டத்தை நேரே பேட்டரிக்குள் செலுத்துகிறார்கள். அதற்கான பிளக்கை ஜப்பான் ஒரு மாதிரி செய்தது, ஐரோப்பா ஒரு மாதிரி, சீனா ஒரு மாதிரி, டெஸ்லா ஒரு மாதிரி. எல்லாருக்கும் விற்க வேண்டுமானால் ஒரே கம்பத்தில் இரண்டு மூன்று கம்பி தொங்கவிட வேண்டும், செலவு கூடும். ஜப்பானியப் பிளக்கின் பெயர் ‘சாடெமோ’. ஜப்பானிய மொழியில் ‘ஒரு டீ சாப்பிடலாமா?’ என்று கேட்பதை நினைவூட்டும் சொல்விளையாட்டு அதில் இருக்கிறது. மின்னேறும் வரை டீ குடியுங்கள் என்று பொருள். பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது.

நம் நாட்டில் இந்தத் தொழிலுக்குத் தொடக்கத்திலேயே சட்டத்தில் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி உரிமம் இல்லாமல் யாரும் மின்சாரம் விற்கக்கூடாது. அப்படியானால் மின்னேற்ற நிலையம் நடத்துகிறவர் மின்சாரம் விற்கிறாரா? 2018 ஏப்ரலில் மத்திய மின் அமைச்சகம் இதற்கு விளக்கம் தந்தது. பேட்டரியில் மின்னேற்றும்போது மின்னாற்றல் வேதியாற்றலாக மாறிச் சேமிக்கப்படுகிறது. ஆகவே இது மின்சார விற்பனை அல்ல, ஒரு சேவை. உரிமம் தேவையில்லை என்றது அந்த விளக்கம். ‘ஆற்றல் ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்கு மாறும்’ என்று நீங்கள் மனப்பாடம் செய்கிற பாடம் ஒரு தொழிலுக்கே கதவைத் திறந்துவிட்டது பாருங்கள்!

அதே 2018-இல், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள் தொடங்கிய ‘ஏத்தர்’ ஸ்கூட்டர் கம்பெனி பெங்களூரில் ஒரு காரியம் செய்தது. ஸ்கூட்டரை வாடிக்கையாளர் கையில் கொடுப்பதற்கு முன்பே மின்னேற்றக் கம்பங்களை நட்டுவிட்டது. டெஸ்லாவைப் போலவே, காலிக் கம்பத்தின் கூலியை ஸ்கூட்டர் வியாபாரத்தில் ஏற்றிக்கொண்டது. அதன் பிளக்கை மற்றக் கம்பெனிகளும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டதும், 2023-இல் இந்தியத் தரநிர்ணய அமைவனம் அதை இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கான ஒரு தரமாக ஏற்றுக்கொண்டது.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ நெடுஞ்சாலை ஓட்டலிலோ மின்னேற்றக் கம்பம் இருந்தால், விடுமுறை நாளொன்றில் பெரியவர் ஒருவருடன் போய், நடத்துகிறவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, பாதுகாப்பாகத் தள்ளி உட்காருங்கள். கம்பியையோ பிளக்கையோ தொடக்கூடாது. எந்திரத்தின் மேல் அதன் கிலோவாட் எழுதியிருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு ஒரு கார் வந்தது, எத்தனை மணிக்கு மின்னேற்றம் நின்றது, அதற்குப் பிறகும் எத்தனை நிமிடம் கார் நகராமல் நின்றது என்று மூன்று பத்திகளில் எழுதுங்கள். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை இரண்டு மூன்று நண்பர்கள் முறை போட்டுக்கொண்டால் அலுப்புத் தெரியாது. வேறொரு வேலை நாளிலும் இதையே செய்யுங்கள். பிறகு இரண்டு நாள் மொத்தத்தையும் கூட்டி, நாம் மேலே போட்ட 5 மணி நேரக் கணக்குடன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தக் கம்பத்தின் முதலாளி இரவில் நிம்மதியாகத் தூங்குகிறாரா இல்லையா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.